முதல்முறை ஹேர் எக்ஸ்டென்ஷன் வைக்கப்போகிறீர்களா? கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எனக்குத் தை மாதம் கல்யாணம். நலங்குக்கு நான்கு நாள் முன்னால் சென்னையில் ஒரு பார்லரில் 38,000 ரூபாய் கொடுத்து டேப்-இன் எக்ஸ்டென்ஷன் (பட்டை பட்டையாகப் பசையால் ஒட்டுகிற கூடுதல் முடி) ஒட்டிக்கொண்டேன். நலங்கில் அத்தை, பெரியம்மா, சித்தி என்று ஏழு பேர் வரிசையாக வந்து உச்சியில் எண்ணெய் வைத்தார்கள். மறுநாள் காலை அந்த எண்ணெய் போகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து சீப்பை வைத்தால், ஒரு பட்டை முடி அப்படியே சீப்போடு வந்துவிட்டது. முகூர்த்தத்துக்குள் எட்டுப் பட்டை கழன்றன. மேக்கப் போட வந்த அக்கா ஹேர்பின் குத்திக் குத்தி எப்படியோ சமாளித்தார், ஆனால் அன்று முழுக்க என் கை பின்னந்தலையிலேயே இருந்தது, கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் அது தெரிகிறது.

நலங்கு உண்டா, எண்ணெய் வைப்பார்களா என்று அந்தப் பார்லரில் யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது. பில்லுக்குப் பதில் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள், அதனால் பிறகு சண்டை போடவும் கையில் எதுவும் இல்லை. அதற்கப்புறம் தங்கை கல்யாணத்துக்கு க்ளிப்-இன், ஒரு வருடம் கழித்து மறுபடி டேப்-இன் என்று இரண்டு முறை ஒழுங்காகச் செய்துகொண்டேன். அந்த மூன்று முறையில் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கல்யாணப் பெண்களை நினைத்துத்தான் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. எதற்காக வைக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலருக்கு ஒட்டுகிற எக்ஸ்டென்ஷனே தேவையில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகூர்த்தத்துக்கு நீளமான பின்னல், அதன்மேல் பூ ஜடை, குஞ்சலம், இவ்வளவுதான் வேண்டுமென்றால் ஒரு நல்ல சவுரி போதும். நம் பாட்டிமார் வைத்துப் பின்னிய அதே சவுரிதான். உங்கள் முடியோடு சேர்த்துப் பின்னி, மேலே மல்லிகை ஜடையைக் கட்டிவிட்டால் உள்ளே இருப்பது என்ன முடி என்று யாருக்கும் தெரியாது.

வரவேற்புக்கு மட்டும் முடியை விரித்துவிட வேண்டும் என்றால் க்ளிப்-இன். காலையில் மாட்டி இரவு கழற்றிவிடலாம், நலங்கு எண்ணெய் பற்றிய கவலையும் இல்லை.

கல்யாணம், மறுவீடு, தேனிலவு என்று ஒன்றரை மாதம் தொடர்ந்து நீளமும் அடர்த்தியும் வேண்டும், தினமும் மாட்டிக் கழற்ற முடியாது என்பவர்களுக்குத்தான் டேப்-இன், கெரட்டின் பாண்ட், மைக்ரோ ரிங் எல்லாம் (மூன்றையும் கீழே விளக்குகிறேன்). பார்லரில் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள், எது விலை அதிகமோ அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அதனால் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

2. உங்கள் முடி தாங்குமா என்று பாருங்கள்

ஒட்டுகிற வகை எதுவானாலும் அதன் எடையை உங்கள் சொந்த முடியின் வேர்தான் தாங்கப்போகிறது. முடி கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வைத்தால் கொட்டுவது இன்னும் கூடும். தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோரமும் காதோரமும் வழுக்கை விழும், நீண்ட நாள் இழுபட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போவதும் உண்டு.

வீட்டில் ஒரு சின்ன சோதனை. தலைக்குக் குளித்து ஒரு நாள் ஆன பிறகு, சுமார் 50 முடி வருகிற அளவு ஒரு கற்றையை விரல்களுக்கு நடுவே பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஐந்துக்கு மேல் கையோடு வந்தால் முடி இப்போது கொட்டும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். தலையில் மூன்று நான்கு இடத்தில் இப்படிப் பாருங்கள். அதிகம் வந்தால் பார்லருக்குப் போவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு இவற்றை ரத்தத்தில் பார்க்கச் சொல்வார். எனக்கு ஃபெரிட்டின் குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது, கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்கலாமே என்று இன்றும் வருத்தம்.

குழந்தை பிறந்து சில மாதங்களில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானே சரியாகும். டெங்கு, டைபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் இப்படித்தான். இந்தச் சமயங்களில் ஒட்டுகிற வகை வேண்டவே வேண்டாம். தலையில் புண், பொடுகு, சொரியாசிஸ் இருந்தால் அது ஆறட்டும்.

நீளமும் பாருங்கள். பட்டையையும் பாண்டையும் மூட உங்கள் முடி தோள்வரையாவது இருக்க வேண்டும். கழுத்தோடு நேராக வெட்டிய முடியில் 20 அங்குலம் ஒட்டினால், உங்கள் முடி எங்கே முடிகிறது, வாங்கிய முடி எங்கே தொடங்குகிறது என்று படிக்கட்டு மாதிரி தெரியும்.

3. எந்த வகை என்று தேர்ந்தெடுங்கள்

சவுரியையும் க்ளிப்-இன்னையும் மேலே சொல்லிவிட்டேன். மற்றவை இப்படி.

டேப்-இன் என்பது சுமார் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒட்டும் பட்டை. உங்கள் முடியில் மெல்லிய ஒரு வரிசையை எடுத்து மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று சாண்ட்விச் மாதிரி ஒட்டுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடி மாதம் ஒன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வளருவதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பட்டை கீழே இறங்கிவிடும், கழற்றி மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். மெல்லிய முடிக்கு இருப்பதில் தேவலாம், எடை பரவலாக விழுகிறது. எதிரி எண்ணெய்.

கெரட்டின் பாண்டில் சின்னச் சின்ன இழைகளாகச் சூடு காட்டி ஒட்டுவார்கள். முழுத் தலைக்கு 100 முதல் 150 இழை, மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். மூன்று நான்கு மாதம் நிற்கும், கொண்டை போட்டாலும் தெரியாது. என் கல்லூரித் தோழி இதைத்தான் வைத்தாள், அழகாக இருந்தது. ஆனால் கழற்றும் வேலை பெரியது, கரைப்பான் ஊற்றி ஒவ்வொன்றாக உடைத்து எடுக்க வேண்டும், தெரியாதவர் கையில் போனால் சொந்த முடியும் சேர்ந்து உடையும்.

மைக்ரோ ரிங் என்பது சின்ன உலோக வளையத்தில் முடியைக் கோத்து இடுக்கியால் நசுக்குவது. பசை இல்லை, சூடு இல்லை, எண்ணெய் பட்டாலும் டேப் அளவுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் மெல்லிய முடியை வெட்டிவிடும், படுத்தால் குத்தும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் தலையில் உலோக வளையம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இறுக்கிப் பின்னி அதன்மேல் தைக்கிற வகையும் உண்டு. நம் ஊர் வியர்வையில் அந்தப் பின்னலுக்கு அடியில் தலை காயவே காயாது, முதல்முறை வைப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

4. முடியைச் சோதித்து வாங்குங்கள்

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். “ஒரிஜினல் ஹியூமன் ஹேர்” என்ற சொல்லுக்குத் தனியாக மதிப்பு எதுவும் இல்லை. கோயிலில் மொட்டை போட்டு ஒரே கட்டாக எடுத்த முடியும் ஒரிஜினல்தான், வீடு வீடாக வந்து பாத்திரத்துக்கும் காசுக்கும் வாங்கிப் போகிற சிக்கு முடியும் ஒரிஜினல்தான். வித்தியாசம் வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் ஒரே திசையில் இருக்கிறதா என்பதில். எல்லா இழையும் ஒரே திசையில் இருந்தால் அது ரெமி. சிக்கு முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும், அதை அமிலத்தில் கழுவி மேல்செதிலை நீக்கி சிலிக்கான் பூசிப் பளபளவென்று விற்பார்கள். கடையில் தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். நான்கைந்து முறை தலைக்குக் குளித்தால் பூச்சு போய் நார் மாதிரி சிக்கிக்கொள்ளும். என் முதல் செட் அப்படித்தான் ஆனது.

அதனால் ஒரே ஒரு பட்டையோ ஒரு சின்னக் கற்றையோ காசு கொடுத்தே மாதிரிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று சோதனை செய்யுங்கள்.

நான்கைந்து இழையை எடுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். மனித முடி கருகின வாடை அடித்துச் சாம்பலாக நொறுங்கும், செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும். கலப்பும் உண்டு என்பதால் இரண்டு மூன்று இடத்திலிருந்து எடுங்கள். இது பிளாஸ்டிக்கைத்தான் காட்டிக்கொடுக்கும், சிக்கு முடியைக் காட்டாது.

அடுத்து, கற்றையை விரலுக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழே உருவுங்கள், பிறகு கீழிருந்து மேலே. ரெமி என்றால் கீழ்நோக்கி வழுக்கும், மேல்நோக்கிச் சொரசொரக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் பூச்சு என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, சாதாரண ஷாம்பூவில் ஐந்து முறை அலசி, கண்டிஷனர் போடாமல் காயவைத்துச் சீவிப் பாருங்கள். பூச்சு போன பிறகு முடியின் உண்மை நிலை தெரியும். இரண்டு நாள் வேலைதான், பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள், பார்லர் விளக்கை நம்ப வேண்டாம். உங்கள் வேர்ப்பகுதியோடு ஒப்பிடாமல் நுனிப்பகுதியோடு ஒப்பிடுங்கள், சேரப்போவது அங்கேதான். நிற அட்டையில் 1 என்பது மை மாதிரி கறுப்பு, 1பி என்பது இயல்பான கறுப்பு, 2 என்பது அடர் பழுப்பு. நம்மில் பலருக்கு 1பி பொருந்தும், ஆனால் பார்லரில் 1 தான் கையிருப்பில் இருக்கும், அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மருதாணி போடுகிறவர்களுக்கு முடியில் செம்மை ஓடும், அதைப் பொருத்துவது கஷ்டம். அப்படியானால் முதலில் உங்கள் முடிக்குச் சாயம் போட்டு ஒரு நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

“டபுள் டிரான்” என்றால் மேலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே அடர்த்தி, “சிங்கிள் டிரான்” என்றால் நுனி மெலியும். நம் முடி இயல்பாகவே நுனியில் மெலியும் என்பதால், உங்கள் முடி அதிகம் அடர்த்தி இல்லையென்றால் சிங்கிள் டிரான்தான் இயற்கையாகப் படியும், விலையும் குறைவு.

5. எவ்வளவு ஆகும்

சென்னையில் தி.நகரிலிருந்து அண்ணாநகர்வரை ஆறு இடத்தில் விசாரித்தபோது எனக்குச் சொன்ன விலைகள் இவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

செயற்கைச் சவுரி ஃபேன்சி ஸ்டோரில் 150 முதல் 400 ரூபாய். மனித முடிச் சவுரி நீளத்தையும் எடையையும் பொறுத்து 1,500 முதல் 5,000. க்ளிப்-இன், 20 அங்குலம், ரெமி, 9,000 முதல் 22,000. தங்கை கல்யாணத்துக்கு நான் வாங்கியது 160 கிராம், 14,000 ரூபாய், இன்னும் நன்றாக இருக்கிறது.

டேப்-இன் 100 கிராம் முடி 22,000 முதல் 40,000. ஒட்டும் கூலி தனியாக 4,000 முதல் 8,000. கழற்றி மேலே ஏற்ற ஒவ்வொரு முறையும் 5,000 முதல் 7,000. கடைசியாகக் கழற்ற 2,000 முதல் 3,000. இந்தப் பின்செலவை யாரும் தாமாகச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முடி 30,000, ஒட்ட 6,000, வருடத்தில் ஏழு முறை ஏற்ற 42,000, ஆக ஒரு வருடத்துக்கு 78,000. நடுவில் முடி நைந்துபோய்ப் புதிது வாங்கினால் அது வேறு.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்கிறேன். “பேக் 14,000 தான்” என்பார்கள். ஒரு பேக்கில் பெரும்பாலும் 20 பட்டை, 50 கிராம். முழுத் தலைக்கு இரண்டு பேக் வேண்டும், சிலருக்கு மூன்று. நாற்காலியில் உட்கார்ந்து பாதித் தலை ஒட்டிய பிறகுதான் “மேடம், பத்தாது” என்று சொல்வார்கள், அப்போது எழுந்து வரவா முடியும்? விலையைக் கிராம் கணக்கில், மொத்தத் தலைக்குக் கேளுங்கள்.

6. எழுத்தில் வாங்குங்கள்

போகும்போது நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: பகல் வெளிச்சத்தில் முன், பின், பக்கவாட்டில் எடுத்த உங்கள் முடிப் படங்கள், கடந்த ஒரு வருடத்தில் செய்த சாயம், ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங் தேதிகள், பசை, பிளாஸ்டர், சாயம் எதற்காவது ஒவ்வாமை உண்டென்றால் அந்த விவரம், மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு.

முன்பணம் கொடுக்கும் முன் வாங்க வேண்டியது ஒரு விலைப்பட்டியல். அதில் வகை, ரெமியா இல்லையா, நீளம், கிராம், பட்டை எண்ணிக்கை, நிற எண், ஒட்டும் கூலி, கழற்றும் கூலி, எத்தனை நாளுக்குள் கழன்றால் இலவசமாக ஒட்டித் தருவார்கள் என்பது, இவ்வளவும் இருக்க வேண்டும். லெட்டர்பேடில் தரத் தயங்கினால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் ஆதாரம்தான். ஒப்புதல் படிவம் நீட்டினால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். “முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது” என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், அதனால் முன்பணத்தைச் சிறிய தொகையாக வையுங்கள், யு.பி.ஐ.யில் அனுப்புங்கள், எதற்கான பணம் என்று குறிப்பும் எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் முடிக்கும் கூலிக்கும் தனித்தனி வரியாகப் போட்ட ஜி.எஸ்.டி. பில். சலூன், பார்லர் சேவைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது, பழைய விகிதம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். “பில் வேண்டாமென்றால் வரி இல்லாமல் தருகிறோம்” என்பதற்குத் தலையாட்டாதீர்கள். நான் ஆட்டினேன், மிச்சமானது கொஞ்சம், போனது 38,000.

7. நாள் கணக்கு

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

மூன்று மாதம் முன்பு: இழுவைச் சோதனை, தேவைப்பட்டால் மருத்துவர். இரும்புச்சத்து குறைவு என்றால் ஏறுவதற்கே மாதங்கள் ஆகும்.

ஆறு வாரம் முன்பு: மூன்று இடத்திலாவது விலைப்பட்டியல், மாதிரி முடி, வீட்டில் சோதனை. ஐப்பசி, தை, வைகாசி மாதிரி கல்யாண சீசனில் நல்ல கைகாரர்களின் தேதி சீக்கிரம் நிரம்பிவிடும்.

மூன்று நான்கு வாரம் முன்பு: உங்கள் முடிக்குச் சாயம், ஸ்மூத்தனிங் எதுவானாலும் இப்போதே முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு செய்தால் பசை கெடும்.

இரண்டு வாரம் முன்பு: காதுக்குப் பின்னால் ஒரு சாண்ட்விச் மட்டும் ஒட்டி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம் வந்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை, க்ளிப்-இன்னுக்கு மாறிவிடுங்கள்.

ஏழு முதல் பத்து நாள் முன்பு: ஒட்டும் நாள். பசை இறுக இரண்டு நாள், தலை பழக நான்கைந்து நாள், ஏதாவது கழன்றால் திரும்பப் போய் ஒட்ட ஒரு நாள், எல்லாம் இதற்குள் அடங்கும். நான்கு நாள் முன்பு ஒட்டிய என் கதையை மேலே பார்த்தீர்கள்.

நலங்கு: வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அறுகம்புல்லில் எண்ணெய் தொட்டு முன்வகிட்டில் மட்டும் வைக்கச் சொல்லலாம், பட்டைகள் அங்கே வராது. தங்கையின் நலங்கில் அம்மா பக்கத்திலேயே நின்று ஒவ்வொருவரிடமும் “முன்னாடி மட்டும் தொட்டு வைங்க, உச்சியில வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. முழுத் தலைக்கும் எண்ணெய் தேய்த்துத்தான் மணப்பெண்ணைக் குளிப்பாட்டுவோம் என்கிற வீடாக இருந்தால் டேப்-இன் உங்களுக்கு ஆகாது, சடங்கை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதைவிட வகையை மாற்றுவது சுலபம். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும் இதேதான்.

8. ஒட்டும் நாளில்

இரண்டு மூன்று நாளாக எண்ணெய் வைத்திருக்கக் கூடாது. அன்று ஷாம்பூ மட்டும், கண்டிஷனர் கிடையாது, நன்றாகக் காய்ந்த முடி. பார்லரிலேயே அலசச் சொல்வது இன்னும் நல்லது.

உட்கார்ந்த பிறகு ஃபோனைப் பார்க்காதீர்கள், கண்ணாடியைப் பாருங்கள். முதல் பட்டை ஒட்டும்போது பட்டை எண்ணிக்கையை எண்ணி, பாக்கெட்டின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியோரத்திலிருந்தும் காதோரத்திலிருந்தும் ஓர் அங்குலமாவது தள்ளி ஒட்ட வேண்டும், அங்கே முடி மெல்லியது, முதலில் போவதும் அதுதான். பட்டை தோலோடு ஒட்டிக்கொள்ளாமல் அரை சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையைத் திருப்பும்போதெல்லாம் இழுக்கும். நடுவில் வரும் உங்கள் முடி மெல்லிய ஒரு வரிசையாக இருக்க வேண்டும், அதிகம் எடுத்தால் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவும். அவசரத்தில் பெரும்பாலும் நடக்கும் தப்பு இதுதான்.

வலிக்கக் கூடாது. “முதலில் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் சரியாகும்” என்பார்கள். லேசான கனமும் புது உணர்வும் சரி, குத்துகிற வலியும் புருவத்தை உயர்த்தினால் தோல் இழுப்பதும் சரியில்லை. அப்போதே சொல்லி அந்தப் பட்டையை மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

எழுந்து வருவதற்கு முன் மூன்று கோலம் போட்டுப் பாருங்கள்: தாழ்ந்த பின்னல், கொண்டை, விரித்த முடி. பூ வைக்கும் இடத்தில் ஹேர்பின் குத்திப் பாருங்கள், பட்டைக்குள் பின் போனால் பட்டை பிரியும், எந்த இடத்தில் குத்தலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நெற்றிச்சுட்டியின் கொக்கி மாட்டும் இடமும் அப்படியே. இதையெல்லாம் படமெடுத்துக் கல்யாணத்தன்று அலங்காரம் செய்பவருக்கு அனுப்பிவிடுங்கள். நுனியை உங்கள் முடியோடு கலந்து வெட்டிவிடுவது கூலியில் சேர்த்தியா என்றும் முன்பே கேட்டிருக்க வேண்டும், வெட்டாமல் விட்டால் ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும்.

9. தினமும் பார்த்துக்கொள்வது

முதல் இரண்டு நாள் தலைக்குத் தண்ணீர் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, வியர்க்கிற வேலையும் வேண்டாம். அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை குளித்தால் போதும். குனிந்து முடியை முன்னால் தள்ளிக் குளிக்காதீர்கள், நின்றபடி நீர் வேரிலிருந்து நுனிக்கு ஓடட்டும். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து விடுங்கள். சீயக்காய்த்தூள் வேண்டாம், அதன் துகள் பட்டை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும்.

சென்னையில் பெரிய தொல்லை போர் தண்ணீர். வாங்கிய முடிக்கு வேரிலிருந்து எண்ணெய்ப்பசை வராது, உப்புத் தண்ணீரில் சீக்கிரமே விறைத்துவிடும். கடைசி இரண்டு மூன்று மக் மட்டும் கேன் தண்ணீர் ஊற்றி அலசுங்கள், நான் இப்படித்தான் செய்கிறேன், தொட்டாலே வித்தியாசம் தெரிகிறது. முடியின் நுனிக்கு ஒரு சொட்டு சீரம் போதும்.

ஈரத்தோடு தூங்கவே கூடாது. பட்டைப் பகுதியை டிரையரில் குளிர்ந்த காற்றில் முழுக்கக் காயவையுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வாடையும் அரிப்பும் வரும். இரவில் தளர்வாக ஒரே பின்னல். சீவும்போது ஒரு கையால் வேர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே மேலே வாருங்கள். மூன்று நாளுக்கு மேல் வலி, கொப்புளம், தூக்கம் கெடுகிற அரிப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள், கொடுத்த காசை நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

10. தகராறு வந்தால்

முதலில் படங்களோடு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், நேரில் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளையோ சேவையையோ பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதில் வருகிறது. அவர்கள் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய்வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. விலைப்பட்டியல், பில், யு.பி.ஐ. பதிவு, பாக்கெட்டின் படம், கழன்ற பட்டைகள் இவைதான் அங்கே பேசும்.

11. கழற்றுவது

டேப்-இன் என்றால் எட்டு வாரத்தைத் தாண்டவே விடாதீர்கள். இறங்கிய பட்டை ஒன்றோடொன்று சிக்கி, கழற்றும்போது சொந்த முடியைப் பிய்க்கும். கையால் இழுக்கக் கூடாது, அதற்கான கரைப்பானைத் தெளித்து இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பட்டையை மெதுவாகப் பிரிக்க வேண்டும். வெளியூரில் கல்யாணம் என்றால் அந்தக் கரைப்பானில் ஒரு சின்ன பாட்டிலும், கொஞ்சம் புது டேப்பும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது கொத்தாக முடி வரும், பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். நமக்குத் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பட்டைக்குள் மாட்டிய முடி உதிர்ந்தும் கீழே விழாமல் எட்டு வாரமாக அங்கேயே இருந்திருக்கும், அதுதான் மொத்தமாக வருகிறது. முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்த முடி. நடுவில் முறிந்த துண்டுகள் நிறைய இருந்தாலோ, ஏதாவது ஓரிடத்தில் மண்டை தெரிந்தாலோதான் கவலைப்பட வேண்டும், மறுபடி ஒட்டாமல் மருத்துவரிடம் போங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் நான் இரண்டு மாதம் இடைவெளி விட்டேன், அந்த நாட்களில் ஆசை தீர எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

கழற்றிய முடியைத் தூக்கிப் போடாதீர்கள், நல்ல ரெமி என்றால் புது டேப் போட்டு இன்னும் இரண்டு மூன்று முறை வைக்கலாம். ஆனால் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் மூடினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். துணியின் மேல் ஒரு சீட்டில் நிற எண், நீளம், கிராம், கழற்றிய தேதி எழுதிக் குத்தி வையுங்கள், அடுத்த முறை ஒரு பேக் கூடுதலாகத் தேவைப்பட்டால் அதே எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.